சனிக்கிழமைச் சாவி

ஆவணி 12, வியாழன்

இரண்டு கிளவுடிலும் நான் உள்ளே நுழையும் அனுமதியை என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள். அநியாயம். காலையில் தூறல்.

திருநள்ளாற்று லாட்ஜ்களுக்கு நாங்கள் செய்த அறைப்பதிவு மென்பொருள், இரண்டு கம்பெனிகளின் கிளவுட் கணினிகளில் ஓடுகிறது. யாரோ ஒருவன் நுழைந்து, தங்கியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்திருக்கிறான். அவன் நுழையப் பயன்படுத்திய சாவி, அதாவது ரகசியச் சொல், என் பெயரில் உருவானது. முதலாளி நசீர் போனில்: "ரெண்டு நாளைக்குத்தாண்ணே. வீட்ல ரெஸ்ட் எடுங்க."

வயரிங் வேலையை விட்டு, அறுபது வயதில் தனியாக உட்கார்ந்து இதைப் படித்தவன் நான். ரெஸ்ட்டாம். மதியம் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. கோபத்திலும் இரண்டாம் முறை சோறு.

ஆவணி 13, வெள்ளி

அலுவலகம் போனேன். என் நாற்காலியில் உட்காரவில்லை, வெளியாட்கள் நாற்காலியில். நுழைவுப் பதிவு முழுவதும் அச்செடுக்கச் சொன்னேன். புரோகிராம் எழுதும் கவிதா, திருவேட்டக்குடிப் பெண், வாய் சும்மா இருக்காது. "பேப்பர்ல லாக் படிக்கிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் சார்."

"சிரிச்சிக்கிட்டே பிரிண்ட் போடும்மா."

சிவப்புப் பேனா. நாற்பத்தொரு பக்கம். கண்டவை:
– திருட்டு நுழைவு எல்லாம் இரண்டாம் கிளவுடில். முதலில் ஒன்றுகூட இல்லை.
– சாவி, இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையுடையது.

சனி என்றால் கூட்டம். லாட்ஜில் அன்று மட்டும் வேலைக்கு வருபவர்களுக்காக, வெள்ளி மாலை ஒரு சாவி செய்து இரண்டு கிளவுடிலும் போட்டு, போன் குழுவில் அனுப்புவேன். ஞாயிறு கவிதா நீக்குவாள்.

"நீக்கிட்டேனே சார். முதல் கிளவுட்ல எடுத்தா ரெண்டாவதுலயும் போயிடாதா?"

போகாது. வேறு வீடு, வேறு பூட்டு. இரண்டாவதில் பழைய சாவிகள் எட்டும் உயிரோடு. அப்போதே நீக்கினாள். முகம் வாடிவிட்டது. "சுவத்துல ஒட்டியிருக்கறதைப் பார்த்துதான் செஞ்சேன் சார்."

சுவரில் என் கையெழுத்து: ஞாயிறு காலை சாவியை நீக்கவும். 'இரண்டிலும்' இல்லை. தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். குறை.

நசீர் எட்டிப் பார்த்து, "அப்ப யாருண்ணே குத்தவாளி?"

"தாள்" என்றேன். கவிதாவுக்குச் சிரிப்பு திரும்பியது.

மாலை, நாளைக்கான சாவியை அவளே செய்தாள். பக்கத்தில் நின்றேன். தொடவில்லை.

ஆவணி 14, சனி

நல்ல வெயில். அனுமதி இன்னும் வரவில்லை. நசீர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. தின்றேன். அது மன்னிப்பு ஆகாது.

செய்ய வேண்டியவை:

கவிதா – நாளை இரண்டு கிளவுடிலும் நீக்கி, பழைய சாவியால் திறக்கிறதா என்று இரண்டிலும் பார்ப்பது.

கவிதா – இனி ஆளுக்கொரு சாவி. ஒரு நாளில் தானே செத்துப்போகும்படி.

நசீர் – பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு மறைக்காமல் சேதி.

நசீர் – திங்கள் பத்து மணிக்குள் என் அனுமதி. கேட்காமல் எடுத்தது தப்பு என்று கவிதா முன்னால், வாயால்.

நான் – பழைய தாளைச் சுவரிலிருந்து எடுப்பது. நன்றாக ஒட்டியிருக்கிறேன். கத்தி கொண்டுபோக வேண்டும்.