மாமன் சீர்த் தொட்டில்

ஜூன் 7, சனி
காலையிலிருந்து புழுதிக் காத்து. மாடியில் பெயின்ட் அடித்தால் தூசி ஒட்டுகிறது. பாத்ரூமுக்குள் வைத்து அடித்தேன். தொட்டில் ஸ்பிரிங், கொக்கி. பழைய சாமான் கடைச் சரக்கு. வெள்ளி ஸ்பிரே, ரெண்டு கோட். பளபளவென்று ஆகிவிட்டது.

ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு நைலான் கயிறு. கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கு. பழசு என்று அது ஒன்றே காட்டிக் கொடுத்துவிடும். வெட்டிப் போட்டேன்.

நாளைக்குத் தங்கச்சி மஞ்சுளா பையனுக்குப் பெயர் வைத்துத் தொட்டில் போடுகிறார்கள். மூன்றாம் மாதம். தாய்மாமன் தொட்டில் புதுசாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு மோதிரம் எடுத்ததோடு கை வறண்டுவிட்டது. செல்விக்கு மட்டும் தெரியும். என் பெண்டாட்டி, வெளியே சொல்லமாட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு
சித்தையன்கோட்டை, மஞ்சுளா வீடு. வாசலில் பந்தல். சாப்பாடு பரவாயில்லை, தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் ஆறிப்போயிருந்தது. மஞ்சுளாவின் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் மாமன் புதுசாக எடுத்து வந்த தொட்டில் என்று காட்டினார். மச்சான் தோளைத் தட்டினார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன். வெட்கம் கெட்டவன்.

ஜூன் 11, புதன்
நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் வரத்து குறைவு. கமிஷன் கடையில் என்னோடு எடை போடும் பாண்டி ஒரு கதை சொன்னான். அவன் பக்கத்து வீட்டில் ஆட்டும்போதே தொட்டில் ஸ்பிரிங் அத்துப்போனதாம்.

"உள்ள கயிறு கெடந்துச்சு, புடிச்சுக்கிருச்சு. இல்லாட்டி பிள்ளை மண்டை தரையிலதான்."

அந்தக் கயிறு எதற்கென்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதன் பிறகு எடை எல்லாம் தப்பு. பாண்டியிடம் திட்டு.

மத்தியானம் போன் போட்டேன். மஞ்சுளாவின் மாமியார் எடுத்தார். பேரன் உங்கள் தொட்டிலில்தான் தூங்குகிறான் தம்பி என்றார். அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தூ.

ஜூன் 12, வியாழன்
காஸ் புக் பண்ண. கயிறு வாங்க. மஞ்சுளாவிடம் சொல்ல.
முதல் ரெண்டும் ஆச்சு.

சித்தையன்கோட்டைக்குக் கிளம்பி, பாதி வழி, செம்பட்டி வரை வண்டியில் போனேன். டீ குடித்தேன். திரும்பிவிட்டேன். அந்த வாசலில் நின்று, பழசுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

ராத்திரி செல்வி கேட்டாள்: "மானம் போனா நாலு நாள் பேசுவாக. பிள்ளை விழுந்தா?"

சோறு தின்றேன். அது தொண்டையில் இறங்கியதே, அதுதான் கேவலம்.

ஜூன் 13, வெள்ளி
வெயில். மல்லிகை கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு போனேன். பூவுக்கு அடியில் கயிறு. மாமியார் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சத்தம் போடாமல் போங்க, தூங்குகிறான் என்றார்.

உள் அறையில் ஸ்பிரிங் கிறீச் கிறீச். மஞ்சுளா ஆட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தொட்டிலுக்குள் கையை விட்டேன்.

தலையணை.

பிள்ளை சுவரோரம் பாயில், கையை விரித்துப் போட்டுத் தூங்குகிறான்.

தொட்டில் சேலையில் வெள்ளிச் சாயம் ஒட்டியிருந்தது. ஸ்பிரிங்கில் அது உரிந்த இடமெல்லாம் துரு. மஞ்சுளா ஆட்டுவதை நிறுத்தவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"மொத நாளே சாயம் ஒட்டிருச்சு, பழசுன்னு தெரிஞ்சிருச்சுண்ணே. அவுத்துப் போட்டா அத்தை என்னன்னு கேப்பாக. ஒன்னைய என்ன சொல்லுவாக."

கயிறு பையிலேயே கிடந்தது.

வாசலிலிருந்து மாமியார் குரல். "மாமன் சீர்ல எப்புடித் தூங்குறான் பாத்தீகளா தம்பி?"

மஞ்சுளா, சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தாள்.

ஆமா அத்தை என்றேன். தலையணையை நானும் செத்த நேரம் ஆட்டினேன்.