இழுக்க வந்த வண்டியை இழுத்துச் சென்ற ராணுவ லாரியைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
தையல் மெஷின் பழுதுபார்ப்பவர்,
பச்சை லாரி வீடு (சந்தில் யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விட்டபடி காட்டுவார்கள்).

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துக் காவல் பிரிவு.

பொருள்: பழைய ராணுவ லாரி, அதன் ட்ரெயிலர், என் மைத்துனர் ஆகியவற்றை விடுவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ராணுவத்தார் கழித்துப்போட்ட லாரி ஒன்றையும் அதன் ட்ரெயிலரையும் நான் ஏலத்தில் எடுத்தபோது, என்ஜின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை ஏலக்காரரே வைத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் நானும் என் மனைவியின் தம்பியும் துரு சுரண்டி, பிரேக்கைப் புதுப்பித்து, தார்ப்பாய் தைத்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தோம். மிஞ்சிய பச்சை பெயிண்ட்டை வீணாக்க மனமில்லாமல் வீட்டுக் கதவு, ஜன்னல், பீரோ ஆகியவற்றுக்கும் அடித்தோம். அன்று முதல் என் மனைவி எங்கள் இருவரிடமும் அளந்துதான் பேசுகிறாள்.

2. லாரி நிற்கும்போது எங்கள் சந்தில் மனிதர்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆகவே, சென்ற மாதம் தங்கள் இழுவை வண்டி வந்ததையும் குறை கூறவில்லை. கொக்கியை மாட்டி இழுத்தார்கள். என் லாரி அசையவில்லை. தங்கள் வண்டியின் முன்சக்கரங்கள்தாம் அந்தரத்தில் எழும்பின; ஓட்டுநரும் உடன் எழும்பினார். இறங்கியபோது கிளட்ச் கருகியிருந்தது.

3. அப்போது உடன் வந்திருந்த ஏட்டையா என் தோளில் கை போட்டு, “சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வண்டிய உங்க வண்டியில கட்டி ஸ்டேஷன் வரைக்கும் விட்டுருங்களேன்” என்றார். என் லாரியை நம்பி ஒருவர் கேட்டது வாழ்நாளில் அதுவே முதல் முறை. கண் கலங்கிவிட்டது. லாரி, ட்ரெயிலர், அதன் பின்னால் தங்கள் வண்டி என்று கடைத்தெரு வழியே ஊர்வலமாகப் போனோம். ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் கேட்டைச் சாத்தி, வண்டி பறிமுதல் என்றார்கள். நான் நடந்தே வீடு திரும்பினேன்.

4. ட்ரெயிலரில் தார்ப்பாய்க்குள் என் மைத்துனர் தூங்கிக்கொண்டிருந்தது அப்போது எனக்கும் தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வராதபோதுதான் மனைவி கவனித்தாள். ஓடிப்போய்க் கேட்டால், “ட்ரெயிலர்ல இருந்த சாமானும் பறிமுதல்தான்” என்றார் ஏட்டையா. சாமான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

5. இழுவை வண்டி பட்டறையில் கிடப்பதால் என் லாரியையே அந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். அது என் கைக்கும் மைத்துனரின் கைக்கும்தான் ஸ்டார்ட் ஆகும் என்பதால் அவரையும் விடவில்லை. விடச் சொல்லி அவரும் கேட்கவில்லை. “மாமா, இங்க என்னை மதிக்கிறாங்க” என்கிறார். கழுத்தில் விசில் ஒன்று தொங்குகிறது.

6. ஐயா, இந்த லாரியில் கியர் மாற்றக் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். தங்கள் ஓட்டுநர் ஒரு முறைதான் மிதிக்கிறார். மெயின் ரோட்டில் கியர் அலறுவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கிறது. சாப்பாடு இறங்குவதில்லை.

7. பொறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இன்று காலை அந்த லாரியே எங்கள் சந்துக்குள் திரும்பியது. பெற்ற பிள்ளை வீடு திரும்பியது போல ஓடினேன். என் வீட்டு வாசலில் நின்றிருந்த என் மனைவியின் ஸ்கூட்டரைத் தூக்கி ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. மைத்துனர் விசில் ஊதி, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சைகை காட்டினார். என் மனைவி பல நாள் கழித்து என்னிடம் வாய் நிறையப் பேசினாள். பேசியவற்றை இங்கே எழுத இயலாது.

எனவே, லாரியையும் ட்ரெயிலரையும் தாமதமின்றி விடுவிக்குமாறும், ஸ்கூட்டரை அதற்கும் முன்பாக, முடிந்தால் இன்று மாலைக்குள், அனுப்பிவைக்குமாறும் பணிந்து வேண்டுகிறேன். மைத்துனரைப் பொறுத்தவரை அவசரம் ஒன்றுமில்லை. தங்கள் வசதிப்படி செய்துகொள்ளலாம்.

இடம்: வீட்டுக்கு வெளியே, படிக்கட்டு
தேதி: ஸ்கூட்டர் போன அன்றே

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகவும் கதவு திறப்பதற்காகவும் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பச்சை லாரிக்காரர்