ஏசி ரூமில் வேலை என்று எழுதினாய்

மாப்ளே,

முந்தாநாள் மருமகள் எனக்கு ஒரு கோட் வாங்கி வந்தாள். வெளியே ஆகஸ்ட் மாத வெயில். இங்கே முவைலாவில் பஸ் நிற்கும் இடத்து இரும்புப் பெஞ்சில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்த வெயிலில் போய், முழங்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட் ஒன்றைத் தள்ளுபடியில் பிடித்து வந்திருக்கிறாள்.

"போட்டுப் பாருங்க மாமா, சைஸ் சரியில்லன்னா இன்னைக்கே மாத்திடலாம்."

போட்டேன். பேத்தி ஓடிவந்து ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். உள்ளே அடைத்த பஞ்சின் புதுவாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மூச்சு முட்டியது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"தாத்தா அஸ்ட்ரோநாட் மாதிரி இருக்காங்க!" என்று பேத்தி கை தட்டினாள். என் மகன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "எங்கப்பாவுக்குக் கோட் எதுக்கு? இருபது வருஷம் ஏசி ரூம்லயே இருந்த உடம்பு. மார்கழியிலயே போர்வை கேக்காத ஆளு. அந்த ஊர்க் குளிர்தான் அப்பாவைப் பார்த்துப் பயப்படணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நானும் நீயும் சேர்ந்து கட்டிய கதைதானே அது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியாததா? லேபர் கேம்ப்பில் இருந்தபோது நான் சொல்லச் சொல்ல நீதான் எழுதினாய். இப்போது போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. பேத்தி திறந்து கொடுத்திருக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அதனால் நான் உனக்கு என்ன சொல்கிறேன் என்று அவளால் பார்க்க முடியாது. அதுவும் நல்லதுதான்.

கனடாவில் ஒரு சின்ன ஊருக்குப் போகிறோம் மாப்ளே. பெயர் என் நாக்கில் நிற்க மறுக்கிறது. "பெரிய ஊரெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதுப்பா. இங்க கொடுக்கிற வாடகையில அங்க சொந்த வீட்டுக்கே தவணை கட்டிடலாம். குளிர் மட்டும் கொஞ்சம் இருக்கும்" என்றான் மகன்.

"கொஞ்சம்னா?"

"மைனஸ் முப்பது வரைக்கும் போகுமாம்."

எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும் எனக்கு. நாம் வேலை பார்த்த ஃப்ரீசர் அறையின் கதவுக்கு மேலே இரவும் பகலும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது மைனஸ் பதினெட்டு. அதற்கும் கீழே ஓர் ஊர் இருக்கிறதாம், அதில் குடும்பம் நடத்துகிறார்களாம். "அஞ்சு மாசம் நீங்க வெளியவே வர வேணாம்பா, எல்லாம் வீட்டுக்குள்ளயே" என்று வேறு சொன்னான். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான், பாவம்.

இங்கேயே இருந்துவிடலாம் என்றால் என் விசா அவன் விசாவில் தொங்குகிறது. மாதக் கடைசியில் அவனுக்குக் கேன்சல் அடிக்கும்போது எனக்கும் சேர்த்து அடிப்பார்கள். ஊருக்குப் போகலாம் என்றால், வீடு புயலில் விழுந்து சுவர் மட்டும் நிற்கிறது. என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நாம் வளைகுடாவுக்கு வந்து குசைஸ் கேம்ப்பில் சேர்ந்த முதல் மாதம் நினைவிருக்கிறதா? நீ அறந்தாங்கிப் பக்கம், நான் ஆலங்குடிப் பக்கம். ஒரே கட்டிலில் நீ மேலே, நான் கீழே. என் முதல் கடிதத்தை எழுத உட்கார்ந்தவன் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாய். "ஃப்ரீசருக்குள்ள கோழிப்பெட்டி தூக்குறான்னு எழுதுனா உன் பொண்டாட்டி அழுவா மச்சான். ஏசி ரூம்ல வேலைன்னு எழுதிடுறேன். பொய்யில்லயே, குளுகுளுன்னுதான இருக்கு?" என்றாய். அந்த அறையில் இருந்த எட்டுப் பேரும் அதற்குப் பிறகு ஏசி ரூமில்தான் வேலை பார்த்தார்கள். சாலை போடுகிறவன்கூட.

முதல் லீவில் ஊருக்குப் போனபோது மார்கழி. பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே என்று போர்வை இல்லாமல் வாசலில் படுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை உன்னிடம் வந்து சொன்னபோது, குடித்த டீ மூக்கில் ஏறும்வரை சிரித்தாய். ஆனால் என் மகன் அன்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். நான் நடித்ததை அவன் அப்படியே மனதில் வைத்துக்கொண்டான்.

நேற்று மதியம் அவன் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து டிக்கெட் போட உட்கார்ந்தான்.

"அப்பா, உங்களுக்கு ஜன்னல் சீட் போடவா?"

"நான் வரலடா."

விளையாட்டு என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வராம?"

"குளிர் எனக்கு ஆகாது."

"உங்களுக்கா?" சிரித்துவிட்டான். "ஏசி ரூம்ல ராஜா மாதிரி இருந்துட்டு..."

"அது ஏசி ரூம் இல்லடா."

உனக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்தில்தான் உடைத்தேன் மாப்ளே. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ என் கையைப் பிடித்துக் கேட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் வேறு எதைச் சொல்லி அவனுக்குப் புரியவைப்பேன்?

எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீசருக்குள் ஒருவன் போனால் வெளியே ஒருவன் கதவருகே நிற்க வேண்டும் என்பது முறை. உள்ளிருந்து கதவைத் திறக்கும் குமிழ் ஐஸ் பிடித்துக்கொண்டால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அன்று உள்ளே நான், வெளியே நீ. பின்பக்கம் கண்டெய்னர் வந்து நிற்க, ஃபோர்மேன் "பாய், இதர் ஆவ், ஜல்தி!" என்று இந்தியில் கத்தி உன்னைக் கூப்பிட்டான். அஞ்சு நிமிஷ வேலைதானே என்று நீ ஓடினாய். கதவை விட்டு நகரும்போது விளக்கை அணைக்காவிட்டால் அவன் ஏசுவான் என்று பழகிப்போன கை. உன்னை அறியாமல் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விட்டாய்.

"இருட்டுலயா?" என்றான் மகன். கம்ப்யூட்டரை மூடியிருந்தான்.

"குமிழைத் தள்ளுனேன், அசையல. கதவைக் குத்துனேன். ஒரு சாண் கனம்டா அந்தக் கதவு, குத்துற சத்தம் எனக்கே கேக்கல. உக்காந்தா அவ்வளவுதான்னு தெரியும். ஒரு பக்கம் இருந்த பெட்டியை எல்லாம் தடவித் தடவி எடுத்து மறுபக்கம் அடுக்குனேன். முடிஞ்சதும் திருப்பி இந்தப் பக்கம். உன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே அடுக்குனேன். அப்ப உனக்கு நாலு வயசு. ஒரே ஒரு தடவைதான் உன்னைப் பார்த்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்பா?"

"சாப்பாட்டுக்கு முந்தி உள்ள போனேன். வெளிய வந்தப்ப எல்லாரும் தின்னு முடிச்சுத் தட்டைக் கழுவிட்டாங்க."

மருமகள் வாசற்படியில் துண்டோடு நின்றாள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்றான் மகன்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா அவனை ஊருக்கு ஏத்தி விட்டிருப்பாங்க. சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்துட்டேன்."

"கதவைத் திறந்து அந்த மாமா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என் இடது கன்னத்துல ஓங்கி அறைஞ்சான்."

"உங்களையா?"

"'ஏன்டா கத்தல'ன்னு அறைஞ்சான். அப்புறம் அவன் கன்னத்துல அவனே மாத்தி மாத்தி அறைஞ்சுக்கிட்டான்."

மகன் சிரிக்கத்தான் தொடங்கினான். பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற வழி எனக்குத் தெரியலப்பா" என்றான். அவனும் என்னைப் போலவே சுவர்களுக்கு நடுவில் நிற்கிறான் என்று அப்போதுதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் செலவு, வாடகை, நான்.

"தெரியும்டா. போடு" என்றேன். "ஜன்னல் வேணாம். எந்திரிச்சு நடக்கிற மாதிரி ஓரத்துல போடு."

டிக்கெட் போட்டாகிவிட்டது மாப்ளே. பயம் குறையவில்லை. ஆனால் இனி அந்த வீட்டில் நான் நடுங்கினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். போர்வை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கலாம்.

தையில் உன் மகள் போன் செய்து நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று சொன்னாள். உன்னிடம் சொல்லாமலே விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்று நீ கதவைத் திறந்தபோது எனக்கு வெளிச்சம் தெரியவில்லை, நீ என்று தெரியவில்லை, உயிரோடு இருக்கிறேனா என்றும் தெரியவில்லை. உன் கை சுளீரென்று விழுந்த பிறகுதான் எனக்கு இன்னும் முகம் இருக்கிறது என்று தெரிந்தது. வெயிலில் பெட்டி இறக்கிவிட்டு ஓடிவந்த கை, அப்படிச் சுட்டது. அதன் பிறகு எத்தனை வருடம் ஒன்றாகத் தின்றோம், தூங்கினோம், நீ என் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் கேட்டிருப்பேன், எதற்கு இப்படிக் குனிகிறாய் என்று.

அந்த ஊரில் முகம் மரத்துப்போகும் நாள் வரும். அன்று இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.