முன்வரிசையில் எடுத்த படம்

லூனாஸ்,
ஞாயிறு காலை.

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஜொகூரிலும் மழைதானா? இங்கே நானும் நம் மகள் நளினியும் நலம். அவளுக்குச் சளி விட்டுவிட்டது. போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ உடனே "பரவால்லங்க" என்பாய். அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் ஃபேக்டரித் தோழி ரூபினியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒன்று. வேலையை விடுவதாக ஃபேக்டரியில் எழுதிக் கொடுக்காதே.

நம் கேட்டரிங்கை அரசாங்க அலுவலகத்தின் சாப்பாட்டுப் பேனலில் சேர்த்துவிட்டார்கள் என்று நான் குதித்தது உனக்குத் தெரியும். அந்த நியமனக் கடிதத்தை மாரியம்மன் காலடியில் வைத்து, கோயில் தலைவர் மணியம் அண்ணன் கையால் மாலையும் போட்டுக்கொண்டேன். வேனில் பேனர் கட்டினேன். இனி இரண்டு வருஷத்துக்கு அடுப்பு அணையாது, நீ வீட்டுக்கு வந்துவிடு என்று உன்னிடம் சொன்னதும் அந்த ஜோரில்தான்.

தீபாவளியும் போய்விட்டது. ஒரு தேநீர் ஆர்டர்கூட வரவில்லை. வியாழக்கிழமை நேரில் போய்க் கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகவே. அங்கிருந்த அதிகாரி அம்மா பொறுமையாக விளக்கினார். பேனல் என்றால் விலையையும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே பேசி வைப்பது, அவ்வளவுதானாம். தேவை வரும்போது பேனலில் உள்ள மூன்று பேரில் ஒருவருக்கு ஆர்டர் கொடுப்பார்கள். ஒரு பொட்டலமாவது வாங்குவோம் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவே இல்லை. நாம்தான் சொன்ன விலையை மாற்றக் கூடாது. கோழி விலை ஏறினாலும் நமக்கு அதே விலைதான்.

விளக்கக் கூட்டத்திலேயே சொன்னோமே, நீங்கள் வரவில்லையா என்று கேட்டார். வந்தேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். இதை அவர் சொன்ன நேரத்தில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, திரையும் படத்தில் விழட்டும் என்று அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, உனக்கு அனுப்ப என்னை நானே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ இன்னும் வாட்சாப்பில் வைத்திருக்கிறாயே, அந்தப் படம்தான். என் தலைக்குப் பின்னால் திரையில் இருக்கும் மலாய் எழுத்தைப் பெரிதாக்கிப் பார். ஆர்டருக்கு உத்தரவாதம் இல்லை என்று அதிலேயே போட்டிருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது யோகா. பேனரை அவிழ்த்துவிட்டேன். சமையலுக்குச் சேர்த்த பாப்பம்மா அக்கா தினமும் வாசலில் நின்று, "ஆர்டர் எப்ப வருது, சொல்லுலா தம்பி, நானும் வேற வேலைக்குப் போகாம இருக்கேன்" என்கிறார். நேற்று அவரைப் பார்த்ததும் பின்கதவு வழியாக நழுவிவிட்டேன். இன்று போய்ச் சொல்லிவிடுவேன். உன்னிடம் சொல்லாமல் மற்றவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஒருவேளை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், சூப்பர்வைசரிடம் போய், என் புருஷன் ஒரு அவசரக்குடுக்கை, விவரம் தெரியாமல் கூப்பிட்டுவிட்டார் என்று சொல்லித் திருப்பி வாங்கிக்கொள். என் மானத்தைப் பார்க்காதே.

நளினி உன் துணிகளுக்கென்று அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தட்டில் நாங்கள் வேறு எதையும் வைக்க மாட்டோம். அம்மன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். இப்போதைக்கு வராதே, யோகா.

உன்,
புவனேசன்