வட்டம் போடாத பலகை

1975 நவம்பர் 3

காலையில் கியர்பாக்ஸை இறக்கினேன். இரண்டாவது கியர் மறுபடியும் தேய்ந்து கிடக்கிறது. ஓட்டுகிறவன் இனிகோ, என் தங்கை கிளாடிஸின் புருஷன். அவன் தேய்த்ததையெல்லாம் சரிசெய்யத்தான் நான் பிறந்திருக்கிறேன் போல.

நல்லக்கண்ணு அண்ணாச்சி ஷெட்டுக்கு வந்தார். நாற்பது ஏக்கர் உப்பளம், ஆறு லாரி, அது போதாதென்று ஒரு ரேஸ் டீம். எழுபத்து மூன்றில் பழைய பியட் ஒன்றை வாங்கி ஆரம்பித்தார். காரை உப்பு லாரியில் ஏற்றித்தான் மெட்ராஸ் பக்கம் சோழவரம் ரேஸுக்குப் போனோம். நாலாவது சுற்றிலேயே ரேடியேட்டர் வெடித்தது. மெட்ராஸ்காரர்கள் எங்களுக்கு 'உப்பு மூட்டை' என்று பேர் வைத்தார்கள். போன வருஷம் மூன்றாமிடம், இந்த வருஷம் இரண்டாமிடம். இப்போது யாரும் சிரிப்பதில்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ரேஸ் ஓட்டுகிறவன் இந்தக் கரையில் இனிகோ ஒருவன்தான்.

நானும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். முள்ளக்காட்டு ரோட்டில் இனிகோவை விட நாலு செகண்டு முன்னால் வந்தவன் நான். வாட்சைப் பிடித்தவரும் அவரேதான். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இனிகோ இருக்க வரைக்கும் நீ ஸ்பேனர்தாம்லே" என்றார்.

இனிகோ பக்கத்தில் நின்று சிரித்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

இனிகோ இன்று என்னைத் தனியாக உப்புக் குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போனான். வலது காது அறவே கேட்காதாம். கடலில் சங்கு குளித்த காலத்தில் ஆழத்தில் வெடித்த காது. மற்ற டிரைவர்கள் பின்னால் வரும் காரைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இவனுக்கு வலப்பக்கம் முழுக்க ஊமை. பக்கக் கண்ணாடியும் கார் அதிர்வில் ஒன்றும் காட்டுவதில்லை. அண்ணாச்சிக்குத் தெரிந்தால் டிரைவர் சீட்டு போய்விடும் என்று பயப்படுகிறான்.

அவனே வழியும் யோசித்து வைத்திருக்கிறான். சுற்று எண்ணிக்கை காட்ட நான்தானே கரும்பலகை பிடிக்கிறேன். வலப்பக்கம் கார் நெருங்கினால் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். வட்டம் இல்லையென்றால் அந்தப் பக்கம் காலி.

"சங்கு குளிக்கையில எங்கப்பாவ மேல இழுக்கக் கயிறு பிடிச்சது யாரு? எங்கம்மா கூடப் பொறந்த மாமா. தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் கயித்த விடமாட்டான். அதான் மச்சான் உங்கள நம்புதேன்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

டிசம்பர் 25

கிளாடிஸ் வீட்டில் சாப்பாடு. அவளுக்கு நாலாம் மாதம். வாந்தியெடுத்து முகம் வெளுத்திருக்கிறது, ஆனாலும் எழுந்து எழுந்து அவனுக்குக் கறி வைக்கிறாள். பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் இனிகோவைத்தான் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தர் என்னைக் காட்டி, இவன்தான் கார் கழுவுகிறவனா என்று கேட்டார். இனிகோ திருத்தவில்லை.

1976 பிப்ரவரி 8

சோழவரம். பன்னிரண்டு சுற்று. எட்டு வரை இனிகோதான் முதல். ஒன்பதாவதில் வட்டம் போடப் போகும்போது சாக்பீஸ் உடைந்துவிட்டது. வலப்பக்கம் காலி என்று நினைத்து ஒதுங்கினான். பின்னால் வந்த நீல ஹெரால்டு கார் இடித்தது. மூன்று தரம் உருண்டது இனிகோவின் கார். உயிர் இருக்கிறது.

பிப்ரவரி 9

வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்ததும் என்னைத்தான் தேடியிருக்கிறான். "வட்டம் போடலியே மச்சான்" என்றான். குற்றமாகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்பது போலத்தான் கேட்டான். "சாக்பீஸ் ஒடைஞ்சு போச்சு மச்சான்" என்றேன். என் கையைப் பிடித்து, நீங்க என்ன செய்வீங்க, விடுங்க என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

பிப்ரவரி 27

மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த அழுக்குத் துணியை கிளாடிஸ் வீட்டில் போட்டிருந்தேன். அவள்தான் எப்போதும் துவைப்பாள். இன்று மடித்த காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து என் வீட்டு மேசையில் வைத்தாள். அதன்மேல் ஒரு சாக்பீஸை வைத்தாள்.

"பையில கெடந்துச்சு அண்ணே. ஒடையாமத்தான் இருக்கு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இந்த நோட்டிலும் பொய்தான் எழுதி வைத்திருக்கிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்? யாரை ஏமாற்ற எழுதினேன்?

சாக்பீஸ் உடையவில்லை. ஹெரால்டு அவன் வலப்பக்கம் ஏறி வருவதைப் பார்த்தேன். பைக்குள் கை போனது, சாக்பீஸ் விரலில் பட்டது — எடுக்கவில்லை. சுற்று எண் மட்டும் எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டினேன். அவன் பார்த்தான். தலையை ஆட்டினான். நன்றி சொல்கிற மாதிரி.

சாகட்டும் என்றா நினைத்தேன்? இல்லை. கார் நசுங்கட்டும், அண்ணாச்சி அவனைத் திட்டட்டும், அவ்வளவுதான். காது கேட்காத விஷயத்தை அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தாலே சீட்டு எனக்கு வந்திருக்கும். அவனுக்கு வேலை மட்டும்தான் போயிருக்கும். காட்டிக்கொடுத்தவன் என்ற பேர் எனக்கு ஆகாது என்று பார்த்தேன். அந்தப் பேருக்குப் பயந்து ஒருத்தன் காலை எடுத்துவிட்டேன்.

மார்ச் 1

கிளாடிஸ் அவனிடம் சொல்லவில்லை போல. என்னைப் பார்த்ததும் மச்சான் வாங்க என்றான்.

ஆகஸ்டு 5

பனிமய மாதா திருவிழா. ஊரே கோயிலில். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையில் நானும் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். வெளியே இனிகோ கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். இரண்டு மாதக் குழந்தை கிளாடிஸ் தோளில். ஆண் குழந்தை. நான் கை நீட்டினேன். தூங்குகிறான் என்று சேலையை இழுத்து மூடினாள். குழந்தை முழித்துக்கொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டு விட்டார். புது பியட் வருகிறதாம். "இனி நீதான்லே ஓட்டுத" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 12

அண்ணாச்சி இனிகோவை ஷெட்டிலேயே உட்கார்த்திவைத்துச் சம்பளம் கொடுக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. இன்று பலகை பிடிக்க யார் என்று பேச்சு வந்தது. இனிகோ, நான் பிடிக்கிறேன், வலப்பக்கம் கார் வந்தால் வட்டமும் போட்டுக் காட்டுகிறேன் என்றான். உனக்கு எதற்குச் சிரமம் என்று நான் தடுத்தேன். சோறு கொண்டுவந்திருந்த கிளாடிஸ் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"கயிறு மச்சான் கையிலதான இருக்கணும், அண்ணே."

அண்ணாச்சிக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. லாரி டிரைவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

1977 பிப்ரவரி 6

சோழவரம். கடைசியாக வந்தேன்.

முதல் சுற்றில் பலகையைப் பார்த்தேன். இனிகோ ஒற்றைக் காலில், கட்டையில் சாய்ந்து, இரண்டு கையாலும் பலகையைத் தலைக்குமேல் பிடித்திருந்தான். வட்டம் இல்லை. சரி, காலி. இரண்டு, மூன்று, நாலு, எல்லாம் எண் மட்டும்தான். ஐந்தாவதில் வலப்பக்கம் ஒதுங்க ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கதவை உரசிக்கொண்டு ஒரு கார் போனது. வலப்பக்கம்தான்.

அதற்குப் பிறகு நான் ஓட்டவில்லை. எனக்கு இரண்டு காதும் கேட்கும், ஆனால் எல்லாப் பக்கமும் சத்தமாக இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வட்டமில்லாத பலகை மட்டும் நேராக நின்றது. ஓரமாகவே உருட்டிக்கொண்டு எல்லாரையும் போகவிட்டேன்.

உப்பு லாரி ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறாயே என்று அண்ணாச்சி எல்லார் முன்னாலும் கத்தினார். அவர் போன பிறகு இனிகோ தண்ணீர் கொடுத்தான். நான் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தான்.

"சாக்பீஸ் ஒடைஞ்சு போச்சு மச்சான்" என்றான்.

அவன் சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ் நீட்டிக்கொண்டிருந்தது. முழுசு. மறைக்கவும் இல்லை.

பிப்ரவரி 20

பலகை பிடிக்க வேறு ஆள் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லப் போனேன். ஏன்லே என்றார். ஒன்றுமில்லை அண்ணாச்சி என்று திரும்பிவிட்டேன். இனி ஓட்ட மாட்டேன் என்று சொன்னாலும் ஏன் என்றுதானே கேட்பார்?

மார்ச் 2

அடுத்த மாதம் பெங்களூர் ரேஸ். அண்ணாச்சி என் பேரைக் கொடுத்துவிட்டார். கிளாடிஸ் துவைத்த துணியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். இனிகோ பெங்களூருக்கென்று சாக்பீஸ் ஒரு பெட்டி புதுசாக வாங்கி வைத்திருக்கிறானாம்.