தானாக நின்ற கார்

யொகோஹாமா
2022 அக்டோபர் 11

மதிப்பிற்குரிய இனுகாய் ஐயாவுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன். அக்டோபர் வந்தும் இங்கே வெயில் விடவில்லை. ஹமமட்சுவில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் வேலை பார்த்த மிதொரிகாவா மோட்டார் மூடப்பட்ட பிறகு கிடங்கில் கிடந்த ‘ஹோஷிமி’ காரை, நகோயாவில் ஒரு சிறிய அருங்காட்சியகம் வாங்கியிருக்கிறது. 1985இல் தோக்கியோ கண்காட்சியில், ‘இருபத்தோராம் நூற்றாண்டின் கார்’ என்ற பெயரில் ஓட்டுநர் இல்லாமல் மேடையில் ஓடியதே, அதே வெள்ளி நிறக் கார். மின்வேலைகளைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். தானாக பிரேக் போடும் கருவிகள் செய்வது என் தொழில்.

அந்தக் காரை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஆறு வயது. தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து மேடைக்கு ஓடிவிட்டேன். என் முழங்காலுக்கு நாலு விரல் முன்னால் கார் நின்றது. “பாத்தியா, கார் உன்னைப் பாத்துடுச்சு” என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது.

எதிரே வருவதைப் பார்க்கும் என்று அன்று சொன்ன, கூரையிலிருக்கும் ‘கண்’ணைப் போன வாரம் கழற்றினேன். உள்ளே ஒரு சைக்கிள் விளக்கு, ஒரு சிவப்புக் கண்ணாடி. ஒரு கம்பிகூட பிரேக்குக்குப் போகவில்லை. அப்படியென்றால் என்னைப் பார்த்தது எது? இந்தக் காரைச் செய்தவர்களில் உங்கள் விலாசம் மட்டும்தான் கிடைத்தது. அதனால் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

பணிவுடன்,
தெராவோ மதோகா


ஹமமட்சு
அக்டோபர் 20

தெராவோ அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். எனக்கு எழுபத்தாறு ஆகிறது. கண் பரவாயில்லை, முட்டிதான் சொன்னபடி கேட்பதில்லை.

அந்தக் கண் முதலாளியின் ஆசை. பதினான்கு மாதம் களிமண்ணைச் செதுக்கி உருவம் பிடித்து வைத்திருந்தோம். வந்து பார்த்துவிட்டு, “எதிர்காலத்துக் கார்ங்கிறீங்க, மூஞ்சியே இல்லையே” என்றார். கடைசி வாரத்தில் கூரையைத் துளைத்தோம். கதவு சிறகுபோல மேலே திறக்கும். முன்சீட்டு வட்டமாகச் சுழலும், ஆனால் உள்ளே வெறும் பஞ்சு; ஒரு பூனை உட்கார்ந்தால்கூட அமுங்கிவிடும். ஸ்டியரிங் கிடையாது. வருங்காலத்தில் மனிதன் கைக்கு வேலை இருக்காது என்று அப்போது நாங்கள் எல்லோரும் மனதார நம்பினோம்.

மற்றபடி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பின்சீட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

இனுகாய் தொகுஜி


யொகோஹாமா
அக்டோபர் 29

அன்புள்ள இனுகாய் ஐயாவுக்கு,

பார்க்காதே என்று ஒரு பொறியாளரிடம் சொல்லலாமா? மறுநாளே தூக்கிவிட்டேன்.

முன்பக்கம் வரைக்கும், ஒரு ஆள் குப்புறப் படுக்கிற அளவுக்குக் குழி. அதில் ஒரு மெத்தைத் துண்டு, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு ஸ்டியரிங், அழுத்திப் பிடித்தால் ஓடி, விட்டால் நிற்கிற ஒரு கைப்பிடி. மூக்கருகே வலை போட்ட பிளவு. அதை மூடியிருந்த கறுப்புத் துணி கிழிந்து தொங்குகிறது. நான் உள்ளே படுத்துப் பார்த்தேன். என் உயரம் நூற்றைம்பத்தைந்து சென்டிமீட்டர், காலை மடக்கித்தான் படுக்க முடிந்தது. எதிர்ச்சுவர் வரைக்கும் நன்றாகத் தெரிந்தது. குழியின் பலகையில் பென்சிலால் ‘இனுகாய்’ என்று எழுதியிருக்கிறது.

அங்கேயே படுத்துக்கொண்டு சிரித்தேன். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“அப்பா, அது கார் இல்லப்பா. உள்ள ஒரு ஆள் இருந்திருக்காரு.”

அவர் பெயரைக் கேட்டார், சொன்னேன். பிறகு, “உயிரோட இருக்காராம்மா? அப்போ ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பு” என்றார்.

அனுப்பியிருக்கிறேன். என்னைப் பார்த்தது இயந்திரம் இல்லை, நீங்கள்தான். அருங்காட்சியகப் பலகையில் உங்கள் பெயரோடு அதை எழுதச் சொல்லப்போகிறேன்.

நன்றியுடன்,
மதோகா


ஹமமட்சு
நவம்பர் 8

மதோகா அம்மாவுக்கு,

பேரிக்காய் வந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். அது எனக்குச் சேர வேண்டியதில்லை.

அந்தத் துணி அப்போது கிழிந்திருக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியக்கூடாது என்று, கீழே இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டு அடைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது, வழி காட்டத் தரையில் ஒட்டிய மஞ்சள் நாடா மட்டும்தான். தொழிற்சாலையிலேயே குள்ளன் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டு ஓட்டம். அன்றைக்கு ஆறாவது ஓட்டத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வலி பொறுக்காமல் கைப்பிடியை விட்டுவிட்டுக் காலைப் பிடித்தேன். கார் நின்றது. வெளியே கைதட்டல் கேட்டது. எதற்கு என்று எனக்குத் தெரியாது.

மாலையில் என்னை வெளியே இழுத்து, எங்கள் குழுத் தலைவர் தோளில் தட்டினார். “இனுகாய், அந்தப் பொண்ணைப் பாத்துட்டியே. கெட்டிக்காரன்டா நீ.”

“ஆமா சார்” என்றேன்.

நான் உங்களைப் பார்க்கவில்லை. கால் இன்னொரு மூச்சு கழித்துப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதுதான் உங்கள் தொழில். அந்தக் குளிர்காலத்தோடு கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். மனைவி சாகும்வரை காரணம் சொன்னதில்லை. பலகையில் என் பெயர் வேண்டாம்.

இனுகாய்


யொகோஹாமா
நவம்பர் 27

அன்புள்ள இனுகாய் ஐயாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபம் வந்தது, மறைக்கவில்லை. உங்கள் கடிதத்தை அலுவலக மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன்.

எங்கள் சோதனைத் தளத்தில் ஆறு வயதுக் குழந்தை அளவில் ஒரு ரப்பர் பொம்மை உண்டு. போன வாரம் மழையில் எங்கள் கார் அதை மூன்று முறை இடித்தது. கூட வேலை செய்பவர்களுக்கு முகம் தொங்கிவிட்டது. “இடிச்சதை இடிச்சதுன்னே எழுதுங்க” என்றேன். எப்போதும் சொல்வதுதான். சொன்ன பிறகு போய் மேஜையைத் திறந்து, உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

அப்பாவிடமும் சொன்னேன். டிவியை அணைத்தார்.

“அன்னிக்கு உன் கையை விட்டது நான்தாம்மா. காரைப் போட்டோ எடுக்கணும்னு விட்டேன். கேமரா வழியாத்தான் உன்னை மேடையில பாத்தேன்.”

“இத்தனை வருஷமா சொல்லவே இல்லையேப்பா.”

“கார் பாத்துடுச்சுன்னு சொல்லிட்டேன்ல. நான் பாக்கலைன்னு அப்புறம் எப்படிச் சொல்றது?”

ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், சாப்பிட்டார்.

பலகையில் இப்படி எழுதச் சொல்லியிருக்கிறேன்: ‘இந்தக் காருக்குள் ஒரு மனிதர் படுத்துக்கொண்டு ஓட்டினார். அவருக்குத் தரை மட்டுமே தெரிந்தது.’ குழந்தையின் கதையை எழுதப்போவதில்லை. அது நம் மூவருக்குள் இருக்கட்டும்.

டிசம்பர் 17, சனிக்கிழமை திறப்பு. அப்பா வருகிறார். உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். நானும்தான்.

மதோகா


ஹமமட்சு
டிசம்பர் 2

அன்புள்ள மதோகாவுக்கு,

ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நகோயா வந்துவிடுவேன். வாசலில் இருக்கிற ஆட்களிலேயே குள்ளமானவனைத் தேடுங்கள்.

உங்கள் அப்பா முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது என் முறை. ஒருவேளை நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசாமல் காரையே பார்த்துக்கொண்டு நின்றால், பயந்து நடுவில் வந்துவிட வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்.

தொகுஜி