அண்ணன் மைக்கில் சொன்ன சேதி

சென்னை, 3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போன்ல பேசினா நீங்க பிரசங்கம் வைக்கிறீங்க, அதான் கடுதாசி. என் ரத்தப் புற்றுநோய்க்கு, ரத்தத்தை உண்டாக்கற ஸ்டெம் செல்லை மாத்தினாத்தான் பிழைப்பேனாம். போன மாசம் டெஸ்டுக்குக் கொடுத்தீங்களே, ரத்த குரூப் வேறன்னாலும் உங்க செல் எனக்கு அச்சாப் பொருந்துதாம். எப்ப வரீங்க?

உங்க தங்கச்சி,
நிர்மலா

பொம்மிடி, 9.6.2024

சேசு மரி சூசை துணை.

நிர்மலாவுக்கு, உனக்காகத் தினம் ஜெபமாலை சொல்றேன். சும்மா ரத்தம் ஏத்தறதுக்குன்னு நெனச்சுத்தான் டெஸ்டுக்குக் கொடுத்தேன். ஆனா இதை மட்டும் கேக்காதே. தாய் வயித்துல உருவான நாள்லேயே அது உயிர். கருவைச் சிதைச்சு செல் எடுக்கறது கொலை. மனுஷனை நகலெடுக்கற குளோனிங்கும் பாவம். கோயில் உபதேசியார் நானு. இன்னிக்குப் பூசை முடிஞ்சு மைக்கிலயே சொல்லிட்டேன், "ஸ்டெம் செல் பக்கம் யாரும் போகாதீங்க"ன்னு. சொல்லிட்டு நானே எப்படி வருவேன்? வர மாட்டேன்னதுக்கு உன் அண்ணி சென்னம்மாள் மூணு நாளா என்கூடப் பேசறதில்லை.

சவுரியப்பன்

சென்னை, 13.6.2024

அண்ணா,

நல்லா இருக்குது உங்க நியாயம்! எந்தக் கருவை யார் தொட்டாங்க? உங்க கையில ஊசி குத்தி ரத்தம் எடுத்து, வேண்டிய செல்லைப் பிரிச்சுக்கிட்டு, மீதியை உங்களுக்கே ஏத்திடுவாங்க. கருவைக் கொன்னுதான் பிழைக்கணும்னா நானே வேண்டாம்பேன். நானும் அதே கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினவதானே? சாமியாரைக் கேளுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா.

நிர்மலா

பொம்மிடி, 24.6.2024

தங்கமே,

சாமியாரைக் கேட்டேன். தலையில அடிச்சுக்கிட்டார். திருச்சபை தடுக்கறது கருவை அழிக்கறதையும் குளோனிங்கையும்தானாம். வளர்ந்தவங்க மனசாரக் கொடுக்கற செல்லு ரத்ததானம் மாதிரி புண்ணியமாம். அரைகுறையாப் படிச்சுட்டு ஊரையே குழப்பிட்டேனே! நேத்து அதே மைக்கைப் பிடிச்சு, "நான் சொன்னது தப்பு, என் தங்கச்சிக்கு நானே கொடுக்கப் போறேன்"னேன். கோயிலே கைதட்டுச்சு. முதல்ல தட்டினது உன் அண்ணி. புதன்கிழமை ரயிலேறறேன். ஊசின்னா எனக்கு ஆகாதுன்னு டாக்டர்கிட்டச் சொல்லி வை.

அண்ணன்

சென்னை, 10.12.2024

அண்ணா,

உங்க செல்லு ஏறினதுல என் ரத்த குரூப்பே மாறிடுச்சாம்! பி போயி உங்க ஓ வந்துடுச்சு. அதான் செக்கப்புக்குப் போன இடத்துல, பக்கத்துல உக்காந்திருந்த மலர்விழிங்கற நோயாளிக்கு அரைமணி நேரம் பிரசங்கம் வச்சிருக்கேன். நகலெடுக்கறது பாவம்னீங்களே, இப்ப பாருங்க, நானே உங்க நகல்!

நோய் போயிடுச்சுங்கண்ணா. டாக்டர் சொன்னதும் அழுதுட்டேன். கிறிஸ்மஸுக்கு வூட்டுக்கு வரேன், அண்ணியைக் களி கிண்டச் சொல்லுங்க. பூசை முடிஞ்சதும் மைக்கை எனக்குக் கொடுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லணும்: எங்கண்ணன் தப்பை ஒத்துக்கிட்டாரு, அதனால நான் உசுரோட நிக்கறேன்.

நிர்மலா